ஒரு வாளைக் கூறு போட்டால் என்ன விலை?

சாமுராய் வாள் என்றதும் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது அதன் அலகுதான். குரோசாவா படம் பார்த்தவர்களுக்கும் சரி, 'கில் பில்' மட்டும் பார்த்தவர்களுக்கும் சரி, கண்ணில் நிற்பது அந்த வளைவும் பளபளப்பும்தான். அலகுக்கும் கைப்பிடிக்கும் நடுவில் வட்டமாக ஒரு தட்டு இருக்குமே, அதை எத்தனை பேர் கவனித்திருப்பார்கள்? ஆனால் அந்தத் தட்டை மட்டுமே தேடித் தேடிச் சேர்க்கிற ஒரு கூட்டம் உலகம் முழுக்க நூறு வருடங்களுக்கும் மேலாக இருந்து வருகிறது.

அந்தத் தட்டின் பெயர் ட்சுபா. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். ஆறிலிருந்து எட்டு சென்டிமீட்டர் அகலம், சில மில்லிமீட்டர் தடிமன், அவ்வளவுதான். குத்தும்போது கை வழுக்கி அலகின் மேல் போய்விடாமல் தடுப்பது இதன் முதல் வேலை. வாளின் எடையைச் சமன் செய்வது இன்னொரு வேலை. எதிரியின் வாள் விரல்களில் படாமல் ஓரளவு காப்பதும் உண்டு. நடுவில் ஆப்பு வடிவில் ஒரு துளை. வாளின் வால்பகுதி அதன் வழியாகத்தான் கைப்பிடிக்குள் போகும். பக்கத்தில் ஒன்றோ இரண்டோ சின்னத் துளைகள் இருக்கலாம். ஒன்று உறையில் செருகிய சிறு கத்திக்கு. மற்றது 'கோகாய்' என்கிற, தலைமுடியைச் சரிசெய்யும் ஊசிக்கு. (ஆமாம், சண்டைக்குப் போகிறவன் வாளோடு சிகை அலங்காரச் சாமானையும் சேர்த்தே வைத்திருந்தான்!)

இவ்வளவு சின்ன இடத்துக்குள் ஒரு தேசம் தன் அழகுணர்ச்சியைக் கொட்டி வைத்தது. அதைச் சேகரிப்பது நல்ல விஷயம்தான். ஆனால் சேகரிப்பு என்ற பெயரில் இன்று நடக்கிற ஒரு வியாபாரம் அந்தக் கலையையே கொஞ்சம் கொஞ்சமாக அழிக்கிறது. இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

இரும்பிலிருந்து தங்கம் வரை

முதலில் கொஞ்சம் வரலாறு. இல்லாவிட்டால் இழப்பு என்னவென்று புரியாது.

பழைய ட்சுபாக்களில் பெரும்பாலானவை வெறும் இரும்புத் தட்டுகள். வாள் செய்கிற கொல்லர்களும் கவசம் செய்கிற கொல்லர்களும் செய்தவை என்று அவற்றைப் பிரித்துச் சொல்வார்கள். அலங்காரம் என்று பார்த்தால், ஓர் இலையோ பூவோ சின்னதாக வெட்டி எடுக்கப்பட்டிருக்கும். முரோமாச்சி காலத்தில் (1336-1573) இந்த வெட்டு வேலை வளர்ந்து 'சுகாஷி' என்கிற தனிக் கலையானது. தட்டின் பெரும்பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, மிச்சமிருக்கும் இரும்புக் கோடுகளிலேயே ஒரு நாரையையோ, பறக்கும் வாத்துகளையோ, நிலவொளியில் ஆடும் புல்லையோ காட்டிவிடுவார்கள். தும்பியும் அடிக்கடி வரும். அது முன்னால் மட்டுமே பறக்கும், பின்வாங்காது என்ற நம்பிக்கையில் அதற்கு 'வெற்றிப் பூச்சி' என்றே பெயர். வீரனுக்கு இதைவிடப் பொருத்தமான சின்னம் உண்டா?

பிறகு கானேயி வந்தார். இரும்புத் தட்டில் மலை, ஆறு, படகு, மனிதன் என்று ஓவியம் போலவே காட்சிகளை அமைத்தார். உமேதாதா மியோஜு (1558-1631) பல நிற உலோகங்களைப் பதித்து இன்னொரு பாதையைத் திறந்தார்.

எடோ காலத்தில் (1603-1868) ஒரு வேடிக்கை நடந்தது. ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டு அமைதி. வாள் இடுப்பிலேயே இருந்தது, உறையை விட்டு வெளியே வரும் வேலைதான் குறைந்துபோனது. வெட்டுவதற்கு யாரும் இல்லாதபோது வாள் என்பது அந்தஸ்தும் ரசனையும் காட்டுகிற ஆபரணமாகிவிட்டது. வணிகர்களையும் இதில் சேர்த்துக்கொள்ள வேண்டும். அவர்களுக்கு நீள வாள் அணிய உரிமை கிடையாது. குட்டை வாள் மட்டும்தான். என்ன உடை உடுத்தலாம் என்பதற்கும் கட்டுப்பாடு. கையில் காசு இருக்கிறது, காட்டிக்கொள்ள வழியில்லை! அந்தக் காசில் ஒரு பங்கு இந்தச் சின்ன உலோகச் சாமான்களுக்குள் போனது. பொருளாதாரப் பாடத்தில் 'தேவை' என்ற அத்தியாயத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

கோட்டோ குடும்பம் ஆட்சியாளர்களுக்காகப் பதினேழு தலைமுறைகள் வாள் அணிகலன்கள் செய்தது. கோட்டோ யூஜோ (1440-1512) அதன் மூதாதை. அந்தக் குடும்ப மரபின் இறுக்கத்தை விட்டு விலகி, நகரத்து மக்களுக்காகச் சுதந்திரமாகச் செதுக்கியவர் யோகோயா சோமின் (1670-1733). அவருக்குப் பின்னால் ஒரு பெரிய படையே கிளம்பியது.

உலோகங்களும் லேசுப்பட்டவை அல்ல. செம்பில் நூற்றுக்கு சுமார் மூன்று முதல் ஐந்து பங்கு தங்கம் கலந்தால் 'ஷாகுடோ'. அதை ஒரு விசேஷக் கரைசலில் கொதிக்க வைத்தால் காக்கைச் சிறகு போல நீலம் கலந்த கறுப்பு வரும். செம்போடு நான்கில் ஒரு பங்கு வெள்ளி சேர்த்தால் 'ஷிபுஇச்சி', அதன் பெயருக்கே 'நான்கில் ஒன்று' என்றுதான் பொருள். அது மழை மேகம் போன்ற சாம்பல் நிறம். இந்த நிறங்கள் எதுவும் பெயின்ட் கிடையாது. உலோகத்தின் மேல் படிந்த மெல்லிய தோல்தான் அது.

1876: ஒரே நாளில் வேலை போனவர்கள்

1876 மார்ச் மாதம் மேஜி அரசு ஓர் ஆணை போட்டது. ராணுவம், காவல்துறை போன்ற சில வகையினரைத் தவிர வேறு யாரும் பொது இடத்தில் வாள் அணியக்கூடாது. அவ்வளவுதான்! பல நூற்றாண்டுக் கைத்தொழிலுக்கு வாடிக்கையாளரே இல்லாமல் போய்விட்டார்கள். கோட்டோ வம்சத்தின் கடைசிப் பெருங்கலைஞர் என்று சொல்லப்படும் கோட்டோ இச்சிஜோ இறந்ததும் அதே 1876ல்தான்.

சிலர் தப்பித்தார்கள். கானோ நாட்சுவோ (1828-1898) அவர்களில் ஒருவர். வாள் அணிகலன் செதுக்கிய அதே கைகளிடம்தான் மேஜி அரசு தன் புதிய நாணயங்களின் டிராகன் வடிவத்தை ஒப்படைத்திருந்தது. பின்னாளில் அவர் டோக்கியோ நுண்கலைப் பள்ளியில் பேராசிரியராகவும் ஆனார். மற்றவர்கள் பூச்சாடி, சிகரெட் பெட்டி என்று ஏற்றுமதிச் சாமான் செய்யப் போனார்கள். யோகஹாமா துறைமுகத்துக்கு வரும் வெள்ளைக்காரப் பயணிகளுக்காக, எந்த வாளிலும் ஏறாத, பார்வைக்கு மட்டும் ஆடம்பரமான ட்சுபாக்களும் செய்து விற்கப்பட்டன.

பழைய ட்சுபாக்கள் குவியல் குவியலாகச் சந்தைக்கு வந்தன. அவற்றை வாங்கியவர்களில் மேற்கத்தியர்கள் நிறைய. அமெரிக்க மருத்துவர் வில்லியம் ஸ்டர்ஜிஸ் பிகலோ சேர்த்தவை பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்துக்குப் போயின. ஆங்கில வேதியியலாளர் ஆர்தர் சர்ச் சேர்த்தவை ஆக்ஸ்போர்டின் அஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஹாம்பர்க் அருங்காட்சியகத்தில் பணியாற்றிய ஹாரா ஷின்கிச்சி, 1902ல் இந்தக் கலைஞர்களைப் பற்றி ஜெர்மன் மொழியில் ஒரு நூலே எழுதினார்.

இதை மறக்காமல் சொல்லிவிட வேண்டும்: அந்தச் சேகரிப்பாளர்கள் இல்லையென்றால் இவற்றில் பல உருக்குலைக்குப் போயிருக்கும். சேகரிப்பவன் என்றாலே திருடன் என்று பேசுவது நியாயமில்லை.

கூறு போடும் கணக்கு

சரி, பிரச்சினைக்கு வருவோம்.

ஜப்பானிய வாளில் அலகு வேறு, அணி வேறு. உறை, கைப்பிடி, ட்சுபா, மற்ற உலோகச் சாமான்கள் எல்லாம் சேர்ந்த முழு அணியை 'கோஷிராயே' என்பார்கள். அலகைப் பத்திரமாக வைக்க வெறும் மரத்தாலான எளிய உறை ஒன்று உண்டு. அலகு அதில் தூங்கும். கோஷிராயேவுக்குள் மரத்தால் செய்த போலி அலகைச் செருகி வைப்பார்கள். ஆக, அலகும் அணியும் தனித்தனியே விற்கப்படுவதற்கு வழி அங்கேயே தொடங்கிவிடுகிறது.

அடுத்த கட்டம்தான் கொடுமை. கைப்பிடியில் இருப்பது ஒரு மூங்கில் ஆணி. அதைத் தட்டி எடுத்தால் கைப்பிடி கழன்று வரும், ட்சுபாவும் வழுக்கி வந்துவிடும். கைப்பிடியின் இரு முனை வளையங்கள் இன்னொரு ஜோடிச் சாமான். உறையில் இருக்கும் சிறு கத்தியின் பிடி தனிச் சாமான். கைப்பிடியில் பட்டு நாடாவுக்குக் கீழே 'மெனுகி' என்று இரண்டு சின்னச் சிற்பங்கள் இருக்கும். அவற்றை எடுக்க நாடாவைப் பிரிக்க வேண்டும், பொறுமை இல்லாதவன் அறுத்தே விடுவான்.

வணிகவியல் மாணவர்களுக்குத் தெரிந்த கணக்கு இது. உதாரணத்துக்கு, முழு அணியின் விலை 100 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ட்சுபாவைத் தனியே விற்றால் 60, மெனுகி 35, முனை வளையங்கள் 30, கத்திப் பிடி 25. கூட்டினால் 150. மிச்சம் ஒரு பழைய உறையும் மொட்டைக் கைப்பிடியும், அதை யாராவது பத்து ரூபாய்க்கு வாங்கிக்கொள்வார்கள். நலிந்த கம்பெனியை மலிவாக வாங்கி, நிலத்தை ஒருவனுக்கும் இயந்திரத்தை ஒருவனுக்கும் பிராண்டை ஒருவனுக்கும் விற்றுவிட்டுப் போகிறவர்களைப் பற்றிப் படித்திருப்பீர்களே? அதேதான். ஒரே ஒரு வித்தியாசம். கம்பெனி மூடினால் வேலை போனவர்கள் கத்துவார்கள், செய்தி வரும். ஒரு கோஷிராயே உடைந்தால் யாருக்கும் காதில் விழாது.

உடைவதால் அப்படி என்ன போய்விடுகிறது? ட்சுபா அப்படியேதானே இருக்கிறது?

இருக்கிறது. ஆனால் ஊமையாகிவிடுகிறது. ட்சுபாவில் அலைகள், மெனுகியில் நண்டு, முனை வளையத்தில் சிப்பி என்று ஒருவர் யோசித்து அமைத்திருப்பார். மூன்றும் சேர்ந்தால் ஒரு கடற்கரை. தனித்தனியே பார்த்தால் ஒரு அலை, ஒரு நண்டு, ஒரு சிப்பி. அந்த வாளின் சொந்தக்காரனுடைய ரசனை, அவன் குறும்பு, அவன் அடக்கம் எல்லாம் அந்தச் சேர்க்கையில்தான் இருந்தன. நீள வாளுக்கும் குட்டை வாளுக்கும் ஜோடியாகச் செய்யப்பட்ட ட்சுபாக்களின் கதியும் இதுதான். ஒன்று ஒரு கண்டத்தில், இன்னொன்று வேறொரு கண்டத்தில். இரண்டையும் மறுபடி சேர்த்து வைக்க எந்தப் பணத்தாலும் முடியாது, ஏனென்றால் எது எங்கே போனது என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

"பழைய காலத்திலேயே மாற்றினார்களே!"

இந்த வாதத்துக்கு விற்பவர்கள் வைத்திருக்கும் பதில் இது. அதில் பாதி உண்மை இருக்கிறது. சாமுராய்கள் ஒரே அலகுக்கு வேறு வேறு ட்சுபாக்கள் மாட்டினார்கள். ஒரு ட்சுபா பல வாள்களில் ஏறி இறங்கியிருக்கிறது. வாளில் ஏறாமல் பெட்டியிலேயே இருந்த ட்சுபாக்களும் உண்டு.

ஆனால் அந்த மாற்றங்கள் தடயம் விட்டுச் சென்றன. புது அலகுக்கு நடுத்துளை பெரிதாக இருந்தால், இரு முனைகளிலும் மெல்லிய செம்புத் துண்டுகளை வைத்து இறுக்குவார்கள். துளையைச் சுற்றி உளியால் தட்டி இரும்பை நெருக்குவார்கள். தேவையில்லாத பக்கத் துளையை வேறு உலோகத்தால் அடைப்பார்கள். பழைய ட்சுபாவை உன்னிப்பாகப் பார்த்தால் இந்த வடுக்கள் எல்லாம் தெரியும். அதைப் படிக்கத் தெரிந்தவனுக்கு அது ஒரு பேரேடு! எத்தனை கை மாறியது, எப்படி வாழ்ந்தது என்று பதிவாகியிருக்கும்.

அன்று ட்சுபா மாறியது வாளில் வாழ்வதற்காக. ஒரு வாளிலிருந்து இறங்கியது இன்னொரு வாளில் ஏறியது. இன்று இறங்குவது கண்ணாடிப் பெட்டிக்குப் போவதற்காக. போகிற வழியில் எந்தத் தடயமும் மிஞ்சுவதில்லை. 'பார்க்க அசிங்கமாக இருக்கிறது' என்று அந்தச் செம்புத் துண்டுகளைப் பிடுங்கி எறிகிறவர்கள்கூட இருக்கிறார்கள். பேரேட்டின் பக்கங்களைக் கிழிக்கிற வேலை இது.

காகிதம் கண்ணை மறைக்கும்போது

இன்னொரு சிக்கல் சான்றிதழ். ஜப்பானில் 1948ல் தொடங்கப்பட்ட ஒரு சங்கம் கலை வாள்களைப் பாதுகாப்பதையும் மதிப்பிடுவதையும் செய்து வருகிறது. வாள் அணிகலன்களுக்கும் அது நான்கு படிநிலைகளில் சான்றிதழ் தருகிறது. 'ஹோசோன்', அதற்கு மேல் 'தொகுபெட்சு ஹோசோன்', பிறகு 'ஜூயோ', உச்சியில் 'தொகுபெட்சு ஜூயோ'. இது அவசியமான அமைப்பு. ஏனென்றால் போலிகள் ஏராளம். கானேயி, நோபுயியே போன்ற பெரிய பெயர்களைக் கையெழுத்தாகச் செதுக்கிய ட்சுபாக்கள் பல தலைமுறைகளாகச் செய்யப்பட்டு வருகின்றன. அச்சில் வார்த்த நகல்கள் தனி ரகம்.

ஆனால் சந்தையில் என்ன நடக்கிறது? 'காகிதம் இருக்கிறதா?' என்பதுதான் முதல் கேள்வி. ட்சுபாவைக் கையில் எடுத்துப் பார்ப்பது இரண்டாவது. மதிப்பெண் பட்டியலைப் பார்த்துவிட்டு ஆளைப் பார்க்காமல் வேலை கொடுப்பது போல. பெரிய பெயர் இல்லாத, கையெழுத்தே இல்லாத ஓர் இரும்புச் சுகாஷி எவ்வளவு அழகாக இருந்தாலும் ஓரமாகக் கிடக்கும். இத்தனைக்கும் பழைய நல்ல இரும்பு ட்சுபாக்களில் பலவற்றுக்குக் கையெழுத்தே கிடையாது.

ட்சுபாவை ரசிக்கக் காகிதம் வேண்டாம். பொறுமை போதும். இரும்பின் நிறம் செத்த கறுப்பா, அல்லது உள்ளே கொஞ்சம் ஊதா ஓடுகிறதா என்று பாருங்கள். விளிம்பைப் பாருங்கள், சில பழைய ட்சுபாக்களில் கடினமான இரும்பு முடிச்சுகள் எலும்பு போலத் துருத்திக்கொண்டு நிற்கும். ரசிகர்கள் அதை 'இரும்பின் எலும்பு' என்றே அழைக்கிறார்கள். வெட்டி எடுத்த இடங்களின் உள்சுவரைப் பாருங்கள், அரத்தின் வேலை அங்கே தெரியும். வார்ப்பு நகல் என்றால் அந்த இடம் மழுங்கலாக, சின்னச் சின்னக் குழிகளோடு இருக்கும்.

துருவைப் பற்றியும் ஒரு வார்த்தை. கணக்குப் பதிவியலில் பொருளுக்கு வயதானால் தேய்மானம் எழுதுவோம். இங்கே தலைகீழ். நூற்றாண்டுகள் படிந்த கருந்தோல்தான் சொத்து. சிவப்புத் துரு தீங்குதான். அதைக் கொம்பு அல்லது எலும்புத் துண்டால் மெதுவாகச் சுரண்டி, பருத்தித் துணியால் நாட்கணக்கில் தேய்ப்பது பழைய வழக்கம். அவசரக்காரர்கள் ரசாயனத்தில் முக்கிவிடுகிறார்கள். பத்து நிமிடத்தில் நானூறு வருடம் போய்விடும். ஷாகுடோ ட்சுபாவை பாலிஷ் போட்டுத் தேய்த்தால் கிடைப்பது வெறும் செம்புத் தட்டு.

யார் என்ன செய்யலாம்?

'என் காசு, என் பொருள், நான் என்னவும் செய்வேன்' என்று ஒருவர் சொன்னால் சட்டம் அவர் பக்கம்தான் இருக்கும். ஜப்பானில் வாள் அலகுக்குப் பதிவுச் சான்று கட்டாயம். தனி ட்சுபாவுக்கு அது தேவையில்லை. எனவே தடுப்பதற்கு வாங்குகிறவர்களின் மனசாட்சியைத் தவிர வேறு ஆளில்லை. விற்பவன் கூறு போடுவது கூறுக்கு விலை கிடைப்பதால்தான்.

கேட்பது பெரிய தியாகம் ஒன்றுமில்லை. 'இது எந்த அணியிலிருந்து வந்தது, எப்போது பிரிந்தது?' என்று விற்பவரிடம் கேட்பது. புதிதாக உடைக்கப்பட்டது என்று தெரிந்தால் ஒதுங்குவது. ஜோடியைப் பிரிக்காமல் வாங்குவது, பிரிக்காமல் விற்பது. முடிந்தவர்கள் முழு அணியாகவே வாங்குவது. அதற்கும் அதே சங்கம் சான்றிதழ் தருகிறது. பிரிப்பதைத் தவிர வேறு வழியே இல்லையென்றால், அதற்கு முன் எல்லாக் கோணத்திலும் படம் எடுத்து, அளந்து, எந்தச் சாமான் யாரிடம் போனது என்று எழுதி வைப்பது.

எழுதி வைப்பதால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு ஒரு ஜெர்மானியர் பதில் வைத்திருக்கிறார். டுசெல்டார்ஃப் நகரத்து இயற்கைக் காட்சி ஓவியர் கியோர்க் ஓடர், வாள் அணிகலன்களின் அருமையான தொகுப்பு ஒன்றைச் சேர்த்திருந்தார். அதற்குப் படங்களோடு ஒரு பட்டியலும் அச்சானது. இரண்டாம் உலகப்போர் முடிவில் அந்தத் தொகுப்பு சிதறிக் காணாமல் போனது. அச்சிட்ட பட்டியல் மட்டும் பிழைத்தது. அந்தத் தொகுப்பின் ட்சுபா எங்காவது தலைகாட்டினால், இது இன்னாருடையது என்று சொல்ல அந்தப் புத்தகம் இருக்கிறது. இன்று கூறு போடப்படும் கோஷிராயேக்களுக்கு அப்படி ஒரு பக்கம்கூட இல்லை.

1876ல் இந்தக் கலைக்கு வாடிக்கையாளர்கள் போனார்கள். கலைஞர்கள் போனார்கள். முழுதாக மிஞ்சியவை கொஞ்சம், இனிமேல் அவை கூடப் போவதில்லை. மூங்கில் ஆணியைத் தட்டி எடுக்க அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடத்தில் லாபம் எவ்வளவு என்று கணக்குப் போடத் தெரிந்தவர்கள், நஷ்டம் எவ்வளவு என்றும் ஒரு தடவை போட்டுப் பார்க்கட்டும்.